நாளைக்கு வாய் திறக்காதீர்கள்

அலெக்சாந்திரியா,
கால்வாய்த் தெரு.

என் வாய் பேசாத மகாராசருக்கு,

பருப்புக் கஞ்சியோடு இதை அனுப்புகிறேன். குடித்துவிட்டுப் படியுங்கள். என் கையெழுத்தைப் பார்த்த பிறகு கஞ்சி இறங்காது.

சிறைக்காவலர் சரபம்மோனைப் பார்த்தேன். "அக்கா, நாளைக்கு நாங்க ரெண்டு பேரு அவரு கையப் பிடிச்சு, பேரரசர் சிலை முன்னாடி நெருப்புல சாம்பிராணியப் போட வச்சிடுறோம். 'பூசை பண்ணிட்டான், வீட்டுக்குப் போகட்டும்'னு ஆளுநரே சொல்லிடுவாரு. அவருக்கும் அலுத்துப் போச்சு. இவரு மட்டும் 'நான் போடல, நான் கிறிஸ்தவன்'னு கத்தாம இருக்கணும். கத்தினா தலை போயிடும்" என்றார்.

"கத்துவாரா? அந்த மனுஷனா? கூரை எரிஞ்சாக்கூட எங்கிட்ட சொல்ல மாட்டாரே" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் வழியில் எங்கெங்கோ உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கிறிஸ்துவை விடச் சொல்லவில்லை. பொய் சொல்லவும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக நான் பத்து கேட்டால் ஒன்றுக்கு உம் கொட்டுவீர்களே, அந்த மனுஷராகவே நாளைக்கும் நில்லுங்கள். உங்களைக் கட்டிக்கொண்டு நான் பட்டதற்கு ஒரு பலன் கிடைக்கட்டும்.

நீங்கள் மாட்டேன் என்று தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது.

உங்களுக்கு நடக்கத் தெம்பு இருக்காது என்று சொல்லித் தம்பியிடம் கழுதையைக் கேட்டேன். அவன் கழுதையை அவிழ்த்துக் கொடுத்தான். கூடவே நீளமான புது வெள்ளைத் துணி ஒன்றையும் எடுத்து அதன் முதுகில் வைத்தான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
சிறை வாசலில் நிற்கப்போகிற
உங்கள் வாயாடி