அப்பாவிடம் சொல்லவில்லை

லோகேஷ்,

களி கிண்டி மூடி வைத்திருக்கிறேன். கீரைக் குழம்பு அடுப்பிலேயே இருக்கிறது. கிளம்பும்போது சாவியை மீட்டர் பெட்டி மேல் வை.

இந்தப் பதினேழு வயதில், நேற்று கெலவரப்பள்ளி அணையில் பீர் குடித்துப் பிடிபட்டாய். இன்று அப்பாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்ன நோட்டீஸை ராத்திரி என்னிடம் நீட்டி, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதக்கா" என்று அழுதாய். சொல்ல மாட்டேன் என்றேன்.

பிளஸ் ஒன் படித்தபோது நானும் உன்னிடம் அப்படித்தான் அழுதேன். நீ ஓடிப்போய், "அக்கா பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன்கூட சிரிச்சிட்டு நின்னாப்பா" என்றாய். மறுநாளே என் படிப்பு நின்றது. இப்போது கம்பெனி வேனுக்கு ஓடுகிறேன்.

நான் வாய் திறக்கவில்லை.

மேகலா

பி.கு.: நோட்டீஸை அப்பா ஷேவ் செய்யும் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். கிழிக்க ஓடாதே. நீ எழுவதற்குள் அவர் ஷேவ் செய்து முடித்திருப்பார்.