அன்று டாக்டர் சொன்னது

என் உயிரான அக்காவுக்கு,

நீ கண்ணை மூடிப் பதினான்கு வருஷம் ஆகிறது. இதுதான் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். இப்போது மட்டும் என்ன அவசரம் என்று கேட்பாய். அவசரம்தான் அக்கா.

எனக்கும் வந்திருக்கிறது. இடது மார்பில், அக்குள் பக்கமாக ஒரு கட்டி. உனக்கு வந்த அதே பக்கம். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். சரியாகத் தெரியவில்லை, மறுபடியும் எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டாம் தடவை கீறி எடுத்து மூன்று தையல் போட்டு, மேலே துணிக்கட்டுப் போட்டார்கள். முடிவு வருகிற செவ்வாய்க்கிழமை. துண்டுச் சீட்டு எழுதித் தந்த தாதி நிமிர்ந்து பார்க்காமலே சிங்களத்தில் சொன்னாள்: "தனியா வர வேணாம். வீட்டுல யாரையாவது கூட்டிக்கிட்டு வாங்க."

எல்லோரிடமும் அப்படித்தான் சொல்வாளா? எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் சொல்லவில்லையே.

கந்தோரில் சிங்களக் கடிதம் தட்டச்சு செய்வதுதான் இன்றும் என் வேலை. இந்த நாட்களில் பேய் பிடித்தவள் மாதிரி அடிக்கிறேன், கந்தோர்ப் பெரியவர் கூடப் பாராட்டினார். வீட்டு அலுமாரியை மூன்று தடவை ஒதுக்கியாகிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கட்டுக்கு மேலாகத் தொட்டுப் பார்ப்பது என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். காலை பத்து மணிக்குள் அது உடைந்துவிடும். ஒரு நேரம் பெரிதாகத் தெரிகிறது, ஒரு நேரம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கிறது. கோவிலுக்குப் போனால் என்ன கேட்பதென்று தெரியாமல் திருநீற்றைப் பூசிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

ஊரும் நிம்மதியாக இல்லை. சண்டை வடக்கில் நடக்கிறது, ஆனால் கண்டியிலும் முச்சந்திக்கு முச்சந்தி சோதனைச் சாவடி. பஸ்ஸை நிறுத்தி, அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து, நம் பெண்களைத் தனியாக ஒரு கூடாரத்துக்குள் அனுப்புவார்கள். தையல் போட்டுத் திரும்பிய அன்று, உள்ளே இருந்த பொலிஸ்காரியின் கை என் மார்புக் கட்டின் மேல் முட்டி அப்படியே நின்றது. உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். "என்ன இது?" என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனாள். சின்னப் பெண், அவளுக்கும் உதடு நடுங்கியது. சட்டையைத் திறந்து காட்டினேன். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டு, போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். கொக்கியை மாட்டிக்கொண்டு திரும்பப் பஸ்ஸில் ஏறினேன்.

யாரையாவது கூட்டி வா என்றால் நான் யாரைக் கூட்டிப் போவேன்? உன் மகள் வசந்தி ஒருத்திதான் இருக்கிறாள். அத்தான் உங்களை அழைத்துக்கொள்வதாகச் சொல்லி இந்தியாவுக்குக் கப்பல் ஏறியவர்தான், கடிதம்கூட இல்லை. நீ போகும்போது ஆறு வயசாக இருந்தவள் இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நேசரி ரீச்சர். அவளிடம் கட்டியைப் பற்றி மூன்று கிழமையாக, இருபது நாளுக்கு மேலாக, வாய் திறக்கவில்லை. டாக்டர்மார் கெட்ட செய்தியை நோயாளியிடம் சொல்வதில்லை, கூட வந்தவரைத் தனியே கூப்பிட்டுத்தான் சொல்வார்கள். கூட வந்தவள் அதற்குப் பிறகு என்ன செய்வாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

நீ தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கட்டியோடு என்னிடம் வந்த கிழமை ஞாபகம் இருக்கிறதா? டவுனில் கலவரத்தில் எரிந்த தமிழ்க் கடைகளின் நாற்றம் அடங்கியிருக்கவில்லை. உனக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது, டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான். உனக்கு விளங்காது என்று தெரிந்ததால் உன் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னார். நீ அவர் வாயைப் பார்த்தாய், பிறகு என் வாயைப் பார்த்தாய்.

"ஒண்ணும் பயமில்லையாம் அக்கா. ரெண்டு மாசம் கழிச்சு வந்து பாக்கலாமாம்."

"அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா?"

"டாக்டர்மார் அப்படித்தான், சுத்தி வளைச்சுப் பேசுவாங்க."

நீ சிரித்துவிட்டாய். வரும் வழியில் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கினாய்.

டாக்டர் சொன்னது வேறு. "கட்டி நல்லதாகத் தெரியவில்லை. மற்றச் சோதனைகளைக் கொழும்பில்தான் செய்யலாம். இந்தக் கிழமையே கூட்டிப் போங்கள். நாள் கடத்தினால் பிறகு என்னால் எதுவும் சொல்ல முடியாது." ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் இப்போதுதான் உனக்குச் சொல்கிறேன்.

அந்தக் கிழமை கொழும்புப் பாதையில் கும்பல்கள் பஸ்ஸை மறித்து, ஆட்களைச் சிங்களத்தில் பேசச் சொல்லிக் கேட்டார்கள். நீ வாயைத் திறந்தால் இறக்கி அடித்துக் கொன்றுவிடுவார்கள். அமளி அடங்கட்டும், பிறகு போகலாம் என்று நானே முடிவு செய்தேன். இரண்டு மாசம் மூன்று மாசமானது. திரும்பப் போனபோது, ஏன் இவ்வளவு நாள் என்று டாக்டர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். அதையும் உனக்கு வேறு மாதிரி மாற்றிச் சொன்னேன். உனக்காகப் பயந்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த பஸ்ஸில் உன் பக்கத்தில் நானும்தானே இருந்திருக்க வேண்டும்? எந்தப் பயம் பெரிதாக இருந்தது?

இன்று காலை வசந்தியிடம் இரண்டையும் சொன்னேன். முதலில் என் கட்டி. பிறகு உன் கதை. அவள் நேசரிப் பிள்ளைகளுக்காகக் காகிதப் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டாள்.

"சொல்லியிருந்தா அம்மா கொழும்புக்குப் போயிருப்பாங்களா?"

"தெரியாதுடி."

"போறதா வேணாமான்னு அம்மாதானே சின்னம்மா முடிவு பண்ணியிருக்கணும்? போற வழியில செத்தாலும் அது அவங்க முடிவு."

அவள் எழுந்து குசினிக்குள் போனாள். அழுவாள் என்று நினைத்தேன். பாத்திரம் கழுவுகிற சத்தம்தான் கேட்டது. இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றாள்.

"செவ்வாய்க்கிழமை நான் வர்றேன். ஆனா டாக்டர் எங்கிட்ட என்ன சொல்றாரோ அதை அப்படியே சொல்லுவேன். ஒரு சொல்லும் குறைக்க மாட்டேன். நீங்க அழுதாலும் சரி, என்னை ஏசினாலும் சரி."

உன் மகள்தான் அக்கா. உன் கண், உன் நிற்கும் விதம். இரக்கம் மட்டும் அப்போது அவள் முகத்தில் இல்லை. அவள் அப்படிச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. துணைக்கு ஒருத்தி வேண்டுமென்று நான் தவித்தது கையைப் பிடித்துக்கொள்ள இல்லை. ஒன்றுமில்லை சின்னம்மா, பயப்படாதீங்க என்று எனக்குப் பொய் சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது. அந்தக் கதவை இன்று நானே சாத்திவிட்டேன்.

நேற்றிலிருந்து டவுனில் குண்டு வெடிக்கப் போவதாகக் கதை. பக்கத்துத் தெருவில் பொலிஸ் சுற்றிவளைப்பு நடந்து நம் பையன்கள் இரண்டு பேரை ஏற்றிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை பாதை திறந்திருக்குமோ தெரியாது. மூடியிருந்தால் நல்லது என்று என் மனசு ஆசைப்படுவதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

ஆனாலும் போவேன். செவ்வாய்க்கிழமை முடியாவிட்டால் பாதை திறக்கிற அன்றே போவேன். வசந்தி டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்து சொல்வதைக் கடைசிச் சொல்வரை கேட்பேன், நடுவில் அவள் வாயைப் பொத்த மாட்டேன். இது சத்தியம். அவளைத் தனியாக விட்டுவிட்டு உன்னிடம் வர மாட்டேன் என்றும் உனக்குச் சத்தியம் செய்ய ஆசைதான். அது என் கையில் இல்லை, அக்கா.

உன் கூடப்பிறந்தவள்,
புஷ்பம்