நான்கு இடம், ஐந்து இடம்

அன்புள்ள தம்பிக்கு,

'அன்புள்ள' என்று இப்போது உனக்கு எழுதலாமா? எனக்கு விடை தெரியவில்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அழிக்கவும் மனம் வரவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிக் காலுறையைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். "என் பிள்ளை ஒரு ஆஸ்பத்திரிக்கே புரோகிராம் எழுதிக் குடுத்திருக்கான்" என்று மாடிப்படியில் எதிரே வருபவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்கிறாள். இன்று காலை அதைக் கேட்டதும் நான் அங்கே நிற்காமல் படியிறங்கிவிட்டேன்.

முக்குக்கடைத் தையல்காரியை உனக்கு நினைவிருக்கும். நீ ஊரை விட்டுக் கிளம்பும்போது உன் சட்டைக்கு ஜிப் வைத்தவள். "ஆடாம நில்லு, ஊசி குத்தினா என்னைச் சொல்லாதே" என்று உன்னை அதட்டியவள். இரண்டு மாதத்துக்கு முன் அவள் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதை எங்கள் ஆஸ்பத்திரி சோதனைக்கூடத்தில் என் மேசைக்கு வந்தது. ஸ்லைடில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. புற்றுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நோயாளியிடம் சொல்வது மருத்துவரின் வேலை என்பதால் நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன்.

நேற்று மனம் கேட்கவில்லை. கோட்டுக்கு உள்துணி மாற்ற வேண்டும் என்ற சாக்கில் போனேன். மெஷினில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "பயந்தே செத்தேன் மேடம். கடைசியில வெறும் கொழுப்புக் கட்டியாம்! உங்க லேப்புக்குப் புண்ணியமாப் போகட்டும்" என்றாள். அவள் அளவெடுக்கக் கையை நீட்டிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

நேரே சோதனைக்கூடத்துக்குப் போய்த் தேடினேன். எங்கள் பழைய கட்டடத்தின் எண் முத்திரையில் நான்கு இலக்கச் சக்கரம்தான். அவள் எண் 0417. புதிய கட்டடத்தில் ஐந்து இடம் அச்சடிக்கும் இயந்திரம். அங்கே 00417 என்று ஒரு முதியவர். நீளத்தைப் பார்த்தே கட்டடத்தைப் பிரித்துக்கொள்வோம். இத்தனை வருடமாக எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. இரண்டு கட்டடத்துப் பதிவையும் ஒன்றாக்க நீ எழுதிய புரோகிராமில் எல்லா எண்ணுக்கும் முன்னால் பூஜ்யம் சேர்த்து ஆறு இடமாக்கினாய். வரிசை அழகாக வந்தது. இரண்டு பேரும் 000417 ஆனார்கள். பிந்தி வந்த முதியவரின் முடிவு அவளுடையதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இதுவரை நடந்தது தவறு. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்பதைத் தவிர உன்னிடம் எனக்குக் கோபம் இல்லை. யாருக்கும் நேரக்கூடியதுதான்.

நேற்றிரவே விவரத்தை ஆஸ்பத்திரி மேலாளருக்கு எழுதி அனுப்பிவிட்டு, இன்று நேரில் போனேன். பிஸ்கட் தின்றுகொண்டே கேட்டார். "முன்னாடி இருக்கிற பூஜ்யத்துக்கு என்ன மேடம் மதிப்பு?" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அடுத்த மாதம் வழக்கமான பரிசோதனை என்று அவளை அழைத்துவிடலாமாம். அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி ஆகிவிடுமாம். அதற்குள் ஒரு மாதம் அந்தக் கட்டி என்ன செய்யும் என்று கேட்டேன். மேசைமேல் விழுந்த துகளைத் தட்டிவிட்டு, "உங்க தம்பியும் ஒத்துக்கிட்டாரே" என்று போனை என் பக்கம் திருப்பினார்.

உன் செய்தி. "கவலைப்படாதீங்க சார், இந்த வாரக் கடைசியில அமைதியா சரி பண்ணிடறேன். பழைய பதிவு எதுவும் மிஞ்சாது. அக்காவை நான் பார்த்துக்கறேன்."

மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். என்னை நீ எப்படிப் பார்த்துக்கொள்வாய் என்பதை அப்புறம் பேசலாம். பழைய பதிவு மிஞ்சாது என்றாயே, அந்த வரியை எந்தக் கையால் தட்டினாய்? வீட்டுக்கு வந்து இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிசுக்குப் போகவில்லை.

தையல்காரியிடம் நாளைக் காலை நானே சொல்லிவிடுவேன். வேலை போனால் போகட்டும். ஆனால் அவளை எனக்குத் தெரிந்தது அவள் கடை நம் தெருவில் இருப்பதால். இதே மாதிரி ஒன்றாகிப் போன மற்றவர்கள் யார் என்று உன் பழைய பதிவுக்கு மட்டும்தான் தெரியும். அதை அழித்துவிடாதே. எண்களை அதனதன் நீளத்தில், பூஜ்யத்தோடு, எனக்கு அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு. அம்மா உன்னைப் பற்றிச் சொல்வதெல்லாம் உண்மையாக இருக்கட்டும்.

உன் அக்கா

*

தம்பிக்கு,

கடை திறக்குமுன் போய்ச் சொன்னேன். அவள் அளவு நாடாவைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். "யார் பண்ணின வேலை மேடம் இது?" என்றாள். என் தம்பி என்றேன். என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து கடையைப் பூட்டி, "வாங்க போகலாம்" என்றாள். அறுவை மருத்துவரிடம் நானே அழைத்துப் போனேன். திங்கட்கிழமை சேர்க்கிறார்கள்.

மாலையில் உன் கோப்பு வந்தது. வணக்கம் இல்லை, ஒரு வரி இல்லை. பதிவு எண்களும் தொலைபேசி எண்களும் மட்டும். நான்கு இடம் நான்காக, ஐந்து இடம் ஐந்தாக. பதினோரு ஜோடி.

முதல் ஜோடியில், புற்று என்ற முடிவு மாறிப்போயிருந்த பெண்ணின் வீட்டுக்கு உடனே அழைத்தேன். கணவர் எடுத்தார். மனைவி கடைக்குப் போயிருக்கிறாள் என்றார். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லா இருக்காங்க. அதான் ஒண்ணுமில்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்தீங்களே" என்றார்.