சைக்கிள் விழுந்தது உன்னால் அல்ல

களுவாஞ்சிக்குடி
ஞாயிறு காலை

அன்பு மகன் நிலோஜனுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அந்தச் சனிக்கிழமை நடந்ததற்குப் பிறகு, இந்தச் சொல்லை எழுதும்போதே பிள்ளையாருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. மெல்பனில் குளிர் தொடங்கிவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். பாதியில் அப்பா போனை வாங்கிவிடுவார், அல்லது நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

தங்கச்சி கம்சாயினியின் போட்டிச் சைக்கிளைக் கார்க்கூரையில் ஏற்ற நீ முதலில் சொன்னது, கதவு விளிம்பில் கொளுவி இறுக்கும் இரும்புச் சட்டம். அப்பாதான் வேண்டாம் என்றார். நீ வாங்கித் தந்த கார், பெயின்ற் உரசக்கூடாதாம். பின்பக்கம் கட்டினால் நம்பர் தகடு மறையும், பொலிஸ் மறிக்கும் என்றார். கடைசியில் அவருக்காகத்தான் ரப்பர்க் கிண்ணங்களால் காற்றுப் புகாமல் கூரையில் ஒட்டிப் பிடிக்கும் சட்டத்தை அனுப்பினாய். ஒட்டுமுன் கூரையையும் கிண்ணங்களையும் நன்றாகத் துடைக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாய். அப்பா துடைத்தார். துடைத்து வைத்துவிட்டுச் சட்டை மாற்ற உள்ளே போனார்.

அந்த நேரம்தான். வீட்டுக்குப் புதிதாக வந்த சாமானைப் பொட்டு வைக்காமல் எப்படி ரோட்டில் விடுவது. கோயில் சந்தனம் கையில் இருந்தது. வெளியே வைத்தால் காற்றில் போய்விடும், உள்ளே வைத்தால் பத்திரம் என்று நினைத்தேன். ஆறு கிண்ணம், உள்விளிம்பில் ஆறு பொட்டு. திரும்பக் கவிழ்த்து வைத்தேன். அப்பா வந்து அப்படியே தூக்கி ஒட்டினார்.

போட்டிக்குப் போகும் வழியில், கிரான்குளம் தாண்டும்போது கூரையில் ஒரு சத்தம். திரும்பிப் பார்க்கச் சைக்கிள் ரோட்டில் கிடந்தது. பின்னால் வந்த லொறி எப்படியோ நின்றுவிட்டது. லொறிக்காரர் காத்தான்குடி அசனார் என்பவர், சாறன் துணி மூட்டைகளோடு வந்தவர். இறங்கியதும் சைக்கிளைப் பார்க்கவில்லை, ரோட்டோரம் நின்ற கம்சாயினியைத்தான் பார்த்தார். "ஒருத்தருக்கும் ஒண்டுமில்லத்தானே, பிறகென்ன. ஏறுங்க புள்ள" என்றார். மூட்டைகளுக்கு மேல் சைக்கிளைக் கிடத்தி, மட்டக்களப்பில் போட்டி தொடங்கும் இடம் வரை கொண்டுபோய் விட்டார். ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. வளைந்த கைப்பிடியோடு ஓடி உன் தங்கச்சி மூன்றாவதாக வந்தாள். மாகாணப் போட்டிக்கு எடுத்திருக்கிறார்கள்.

அன்று பின்னேரம் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னிடம், "தூரத்தில இரிந்துகொண்டு கண்டதையும் அனுப்பி, புள்ளயக் கொல்லப் பாத்தியா" என்று கேட்டது குசினி வரை கேட்டது. நீ சொன்னதும் கேட்டது. "ஓம் அப்பா, என்ட பிழதான்." தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். கை நின்றது. வாய் திறக்கவில்லை. ஏழு நாள் திறக்கவில்லை, அவர் உன் அழைப்பை எடுக்காமல் விட்ட ஏழு நாளும். நீங்கள்தானே இந்தச் சட்டத்தைக் கேட்டீர்கள் என்று அப்பாவிடம் நீ ஒரு சொல் சொல்லவில்லை. இதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை மகன்.

நேற்று அப்பாவிடம் பொட்டு வைத்ததைச் சொன்னேன். அப்பா ஒரு கிண்ணத்தை எடுத்து, விளிம்பை நகத்தால் சுரண்டி, மணந்து பார்த்தார். "என்னகா செய்து வைச்சிருக்காய்" என்றார். ஏசவில்லை. நெடுநேரம் காரைச் சுற்றி நடந்தார். பிறகு மட்டக்களப்புக்குப் போய், நீ முதலில் சொன்ன அந்தக் கொளுவிச் சட்டத்தையே வாங்கிப் பூட்டிக்கொண்டு வந்தார். கதவு விளிம்பில் பெயின்ற் உரசியிருந்தது. காட்டினேன். "உரசட்டும்" என்றார்.

பிள்ளையார் உனக்குத் துணையிருக்கட்டும். பொறுமையுள்ள பிள்ளையைத் தந்ததற்கு அவருக்கு நான் கடமைப்பட்டவள். மன்னிப்புக் கேட்டுப் பழகியவர் அல்ல உன் அப்பா. இன்று பின்னேரம் அழைப்பார். அங்கே மழையா, சாப்பிட்டாயா என்று கேட்பார். அவர் கேட்க வருவது அது அல்ல. இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. போனை மட்டும் உடனே எடு.

உன் அம்மா
சீதேவிப்பிள்ளை