மாமாவின் பால்கறைச் சட்டை

அக்கா,

கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை நெடி அடித்தது. உன் தகரப்பெட்டியைத் திறந்தால் வருமே, அதே நெடி. சினிமா, தொலைக்காட்சி நாடகங்களின் செட்டுகளையும் உடைகளையும் வைத்திருக்கும் கோலாலம்பூர்க் காட்சியகம் அது. பத்திரிகைக்குச் செய்தி எழுதத்தான் கோலசிலாங்கூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். ராஜா ராணி உடைகளைத் தாண்டி, மூன்றாவது அறையில் ஒட்டுப்பலகையில் செய்த, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வாசல். அதன் பக்கத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் மாமாவின் நீலக்கோடு போட்ட சட்டை தொங்கியது. பால் வாளிகள் தொங்கும் காண்டாக் கம்பு அழுத்துகிற வலது தோளில், ரப்பர் பால் காய்ந்து கறுத்த அதே கறை.

ஏழு வருடம் தேடிய சட்டை.

எண்பதுகள் பிறந்த புதிதில், கலும்பாங் பக்கம் நீ இருந்த ரப்பர் தோட்டத்துக்கு அந்தத் தொலைக்காட்சி நாடகக்காரர்களை அழைத்து வந்தவன் நான். உன் லயத்துக்கு எதிரிலேயே கூரை இல்லாமல் ஒரு பொய் லயம் கட்டினார்கள். "அதுக்கும் கூரை இல்ல, நம்மளதுக்கும் இல்ல. என்னா வித்தியாசம் லா?" என்றார் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். நீ சிரித்தாய். மாமா இறந்து நீ தனியான பிறகு நீ சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கதாநாயகனுக்குத் தைத்த சட்டைகள் எவ்வளவு அழுக்காக்கியும் புதுசாகவே தெரிந்தன. உடையலங்காரக்காரர் நிஜச் சட்டை ஒன்று கேட்டார். உன்னிடம் வந்தேன். மாமாவின் ஒவ்வொரு திதிக்கும் படையல் இலைக்குப் பக்கத்தில் நீ மடித்து வைக்கும் சட்டை அது. கறை போய்விடும் என்று துவைக்கக்கூட மாட்டாய். பெட்டிமேல் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றாய்.

"மூணு நாளுதான், தம்பி. திதிக்கு வேணும்."

மூன்றாம் நாள் அவர்கள் போய்விட்டார்கள், சட்டையோடு. கடிதம் போட்டேன். நேரில் போனேன். எல்லாம் கிடங்கில் இருக்கிறது என்றார்கள். அந்தத் திதிக்கு இலைக்குப் பக்கத்தில் ஒரு துண்டை வைத்தாய். நான் வரும்போதெல்லாம் சட்டை வந்துச்சா என்று கேட்பாய். பிறகு கேட்பதை விட்டுவிட்டாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போன மாசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாய்: "கெடச்சா எனக்கும் எலைக்குப் பக்கத்துல வையி." சரி என்றேன்.

வருகிற செவ்வாய்க்கிழமை உன் முதல் வருடத் திதி, அக்கா.

காட்சியகப் பொறுப்பாளரிடம் ஓடினேன். நம் தமிழ்ப் பெண்தான். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பெட்டிக்குக் கீழே ஒட்டியிருந்த பத்திரிகை நறுக்கைக் காட்டினாள். "சார், இது நீங்க எழுதுனதுதானே?"

அந்தப் படப்பிடிப்பைப் பற்றி நான் எழுதியதுதான். உடைகள் அனைத்தும் உடையலங்காரக்காரரின் கைவண்ணம், பால்கறைகூடத் தேநீரும் பசையும் கலந்து தீட்டியது என்று இருந்தது. மற்றச் சட்டைகளுக்கு அது உண்மை. ஊர்ப்பெயருக்குக்கூட இரண்டு பேரிடம் விசாரிக்கிறவன் நான். அந்த 'அனைத்தும்' மட்டும் வாக்கியத்துக்கு அழகாக இருந்தது, போட்டுவிட்டேன்.

நான் எழுதியது தப்பு என்று மன்றாடினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் பதறிவிட்டாள். "கும்பிடாதீங்க சார். உள்பக்கம் ஒட்டுத் தையலு, நூலு கலரு, வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க. தொறந்து பாக்கச் சொல்றேன். இருந்தா மேலிடத்துக்கு எழுதுறேன்."

ஒன்றும் தெரியவில்லை, அக்கா. நீ எத்தனையோ முறை தைத்திருப்பாய். எந்த நூலில், எந்த இடத்தில்? கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். எல்லோருக்கும் தெரிகிற வெளிப்பக்கம்தான் எனக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து, படப்பிடிப்பு அன்றைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். உடையலங்காரக்காரரிடம் பதினோரு கேள்விகள், பதில்களோடு. உன் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை இலைக்குப் பக்கத்தில் துண்டுதான் வைப்பேன். குறிப்பேடு இப்போதும் என் பையில் இருக்கிறது. உன்னிடம் அன்று நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அது எழுதி வைக்காமலே நினைவிருக்கிறது.

"குடுக்கிறியா இல்லியா, அக்கா? ஆளு காத்துக்கிட்டு இருக்காரு."