அத்தை கொண்டுவந்த ஒரு முழத் துணி

இராஜபாளையம்,
சனிக்கிழமை மாலை.

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் இந்து வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் ராணுவ முகாமிலிருந்து போன் வந்தால் அம்மா "நல்லாருக்கேன்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள்.

அம்மா இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். தலைமுடி சுருட்டையாக முளைக்கிறது. வெளியே கிளம்பும்போது மட்டும், மார்பு எடுத்த இடது பக்கத்தில், வெங்கடேஸ்வரி அத்தை தறியில் நெய்யும் பேண்டேஜ் துணியை மடித்து வைத்துக்கொள்கிறாள். பஸ் ஏறும்போது அது நழுவினால் நானும் அத்தையும் முன்னால் நின்று மறைப்போம்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்த மதுரை டாக்டரம்மாவைப் பார்த்தோம். மார்பைத் திரும்ப அமைப்பதென்றால் சிலிகான் பையை உள்ளே வைத்து, அதைத் தாங்க ஒரு வலையும் வைக்கலாம் என்று போன தடவையே சொல்லியிருந்தார். அதை மனதில் வைத்திருந்த அத்தை, பிசிர் இல்லாத துணியில் ஒரு முழம் வெட்டி, வெந்நீரில் அவித்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். "இம்புட்டு நாளா வெளிய தாங்குன துணி, உள்ள தாங்காதாக்கும்?" என்று மேசையில் வைத்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நெசவு அருமை, ஆனால் இது காயத்துக்கு வெளியேதான், உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும் என்றார்.

அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "நீங்க வைக்கிறதுல பிடிக்காதா?"

பிடிக்கலாம் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். கரையாத வலை, மெல்லக் கரையும் வலை, விலங்குத் தோலைப் பதப்படுத்திச் செய்தது என்று பல உண்டாம். கதிர் சிகிச்சை எடுத்த உடம்பில் எல்லாவற்றிலும் ஆபத்து கொஞ்சம் கூடுதல். எது பல வருடம் சோதித்தது, எது புதிது என்று கேட்ட பிறகே சம்மதிக்க வேண்டும் என்றார். வயிற்றுச் சதையைக் கொண்டும் அமைக்கலாம், அது பெரிய ஆபரேஷன். ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் தவறில்லையாம். அடுத்த மாதம் அம்மா முடிவு சொல்ல வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை, "ஏட்டி, அந்தம்மா அம்புட்டும் சொல்லிட்டாவ. ஒனக்கு எது வேணும்?" என்று கேட்டாள். "எனக்கு இப்படியே இருந்தாலும் சரிதான் மதினி. அவியளுக்குப் பிடிக்கணும்லா" என்று உங்களை நினைத்துச் சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தை அந்தத் துணியை எடுத்து அம்மா மடியில் வைத்தாள்.

அப்பா, நான் இப்படி எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். நீங்களே அவளிடம் கேளுங்கள். வலை என்றாலும், வயிற்றுச் சதை என்றாலும், எதுவும் வேண்டாம் என்றாலும் உடனே "சரி" என்று சொல்லுங்கள். கொஞ்சம் தாமதித்தாலும் நீங்கள் தயங்குவதை அம்மா கண்டுபிடித்துவிடுவாள். குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தறிக்கூடத்து மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஷிப்ட் முடிந்துவிட்டது. அத்தை ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வருகிறாள்.

உங்கள் அன்பு மகள்,
இந்து

பி.கு.: அத்தை என் தலைக்கு மேலிருந்த விளக்கையும் அணைத்துவிட்டாள். வாசல் வெளிச்சத்தில் இதை எழுதி முடிக்கிறேன்.