மதிலை ஒட்டிய வீடு

மார்ச் 3

வாலுவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்கு மட்டும் உன் மேல் கோபம். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

போன வாரம் உங்கள் கல்லூரி ஆட்கள் வந்தார்கள். முக்காலி மேல் ஒரு மெஷினை நடுத்தெருவில் நிறுத்தினார்கள். அது தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தது. "என்னங்க இது?" என்று எதிர்வீட்டுப் பூட்டுக்காரர் கேட்டார். "உங்க வீடுகளுக்குப் பின்னால நிக்கிறது எண்ணூறு வருஷத்து மதில். அளக்கறோம்" என்றார்கள். அளக்கட்டும். ஆனால் நம் கதவுகளில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட காகிதங்களை ஏன் ஒட்டினார்கள்?

"வடக்குத் தெருவுல மொதல்ல பெயின்ட்ல குறி போட்டாங்க, அப்புறம் புல்டோசர் வந்துச்சு. இப்ப காகிதம். நாகரிகம் வளந்துருச்சுல்ல!" என்றார் பூட்டுக்காரர். அவர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் தெருவே சேர்ந்து கிழித்துவிட்டது. நம் வீட்டுக் காகிதத்தை நானே கிழித்தேன்.

"உங்க தங்கச்சி அங்க உக்காந்துகிட்டே நமக்குச் சீட்டு கிழிக்கிறாளா?" என்று அண்ணி கேட்கிறாள். நீ பிறந்த வீடு இது. எதற்காக அளக்கிறீர்கள்? நேராகச் சொல்.

அண்ணன்

மார்ச் 9

அன்புள்ள அண்ணா,

கிழித்தாயா! புரொபசரிடம் நான் வாங்கிய திட்டு உனக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அந்த மெஷின் ஒளியை அனுப்பும். பட்ட இடமெல்லாம் ஒரு புள்ளி. கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்தால் கம்ப்யூட்டரில் மதில் எழும். ஒரே இடத்தில் நின்றால் எல்லாம் தெரியாது. இடம் மாற்றி மாற்றி எடுத்து ஒன்றோடு ஒன்று பொருத்த வேண்டும். பொருத்துவதற்கு அடையாளம்தான் அந்தக் காகிதம். பாதியில் நீங்கள் பிய்த்ததில், திரையில் நம் வீடு பக்கத்து வீட்டுத் தையல்காரர் கூரையைத் துளைத்துக்கொண்டு சரிந்து நிற்கிறது. அடையாளம் இல்லாமல் மறுபடி பொருத்திப் பொருத்திக் கண் போய்விட்டது.

அந்தக் காலத்துக் கொத்தர்கள் இவ்வளவு உயரத்துக்கு எப்படிக் கல் அடுக்கினார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. வேறொன்றும் இல்லை. அண்ணியைச் சமாதானப்படுத்து. எதைப் பார்த்தாலும் சந்தேகப்பட்டால் எப்படி?

அன்புடன்,
வாலு

மார்ச் 24

வாலுவுக்கு,

நகராட்சி அரங்கத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்துப் படம் காட்டினார்கள். நீங்கள் செய்த படம். மதில் கல் கல்லாக எழுந்து நின்றது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. அதன் அடியில், நம் தெரு இருந்த இடத்தில், புல்வெளி.

தையல்காரர் மனைவி எழுந்து, "எங்க வீடெல்லாம் எங்கங்க?" என்று கேட்டாள். அதிகாரி சிரித்தார். "இது அந்தக் காலம்மா. அப்ப உங்க வீடு இல்ல." அவள் விடுவாளா? "அந்தக் காலத்துல டிக்கெட் கவுன்ட்டர் மட்டும் இருந்துச்சா?" திரையின் ஓரத்தில் அது நின்றது. அரங்கமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. தெருவைக் காலி செய்வது பற்றி ஏப்ரல் இருபதாம் தேதி விசாரணை என்று மட்டும் சொன்னார்.

கடைசியில் பெயர்கள் வந்தன. உன் பெயரும் வந்தது. தங்கை பெயர் திரையில் வந்தால் கைதட்ட வேண்டும். பக்கத்தில் பூட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறொன்றும் இல்லை என்று எழுதினாயே. வேறென்ன இருக்கிறது இன்னும்?

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

வீடுகளை எடுத்தது நான்தான். புள்ளிகளைக் காலவாரியாகப் பிரிப்போம். பழைய கல் நீலம், பின்னால் வந்தது சிவப்பு. மதிலைப் படிக்கும்போது சிவப்பை அணைத்து வைப்போம். எல்லோரும் செய்வதுதான். நம் வீட்டையும் அப்படித்தான் அணைத்தேன். மறுபடி போட்டால் வந்துவிடும் என்று நினைத்தேன். அணைத்த படத்தைப் புரொபசர் நகராட்சிக்குக் கொடுப்பார் என்று தெரியாது. டிக்கெட் கவுன்ட்டர் அவர்கள் சேர்த்தது.

நீ கேட்டதற்குப் பதில்: இருக்கிறது. வடக்குத் தெருவை இடிக்கும் முன் சீனியர்கள் எடுத்த அளவு எங்களிடம் உண்டு. இப்போது எடுத்ததை அதன் மேல் வைத்துப் பார்த்தேன். வீடுகள் போன இடத்தில் மதில் தெருப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. நம் தெருவில் சாயவில்லை. அதை நிமிர்த்தி வைத்திருப்பது நம் வீடுகள்தான்.

புரொபசரிடம் சொன்னேன். "அது இன்ஜினியர் வேலைம்மா. நமக்கு வரலாறு போதும்" என்றார். அவருடைய அடுத்த திட்டத்துக்கு நகராட்சி கையெழுத்து வேண்டும். அவருக்கு அது வரலாறு.

விசாரணையில் நானே சொல்கிறேன். ஆனால் வெளியிலிருந்து எடுத்தது மட்டும் இருந்தால் "ஊகம்" என்று தள்ளிவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டின் பின்சுவரும் மதிலைத் தொடும் இடத்தை உள்ளே வந்து அளக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெஷின் கிடைக்கும். காகிதம் ஒட்டுவேன். கிழிக்காதீர்கள். கதவைத் திற அண்ணா.

வாலு

ஏப்ரல் 8

வாலுவுக்கு,

உன் கடிதத்தைத் தெருவில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

"வெளிய அளந்தது பத்தலன்னு இப்ப அடுப்படி வரைக்கும் வர்றாங்களா?" என்றார் பூட்டுக்காரர். தையல்காரர் என்னிடமே கேட்டார்: "வர்றது தங்கச்சியா, ஆபீசா? அத மட்டும் சொல்லு." உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். முதலில் கல் மட்டும் என்றாய். பிறகு படம் வந்தது. இப்போது உள்ளே வர வேண்டும் என்கிறாய். என் இடத்தில் நீ இருந்தால் திறப்பாயா?

அண்ணிதான் பேசினாள். "அவ பொய் சொல்றாளா இல்லையான்னு மதிலக் கேட்க முடியாது. அவளையே இங்க வச்சுக்குவோம்" என்றாள். உன் மேல் அதிகக் கோபம் அவளுக்குத்தான், ஆனாலும் அவள் சொன்னதைத் தெரு ஒத்துக்கொண்டது.

ஞாயிறு வா. ஒவ்வொரு வீடாக அள. எடுத்ததில் ஒரு நகல் இங்கேயே இருக்க வேண்டும். ஆனால் அளந்து முடித்ததும் நீ திரும்பிப் போகக் கூடாது. விசாரணை முடிந்து முடிவு வரும் வரை இந்த வீட்டில்தான் இருக்க வேண்டும். அன்று அங்கே எழுந்து, உன் புரொபசர் முன்னால், நீ எந்தத் தெருக்காரி என்று முதலில் சொல்ல வேண்டும். மதிலைப் பற்றி அதற்குப் பிறகு பேசு. படிப்பு போகும் என்றால் இப்போதே எழுதிவிடு. தெருவிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

இதை நம்பிக்கை என்று நினைத்துக்கொள்ளாதே. அது இன்னும் வரவில்லை. முடிவு நமக்கு எதிராக வந்து அவர்கள் இடிக்க வந்தால், நீயும் உள்ளே இருப்பாய். பக்கத்தில் நான் இருப்பேன்.

அண்ணன்